பழைய மோட்டார்சைக்கிளுக்கு அதன் காலத்து நம்பர்: தமிழ்நாட்டில் பதிவு செய்ய ஒரு முழுமையான வழிகாட்டி

அறுபதுகளில் திருவொற்றியூரில் செய்த ஒரு புல்லட்டை நட்டு நட்டாகப் பிரித்து, டாங்கில் கையால் தங்கக் கோடு இழுத்து, ஸ்போக் எல்லாம் மாற்றிப் பளபளவென்று நிறுத்துகிறோம். கடைசியில் அதன் முன்னால் ‘டி.என். 09’ என்று தொடங்கும் ஒட்டு ஸ்டிக்கர் பலகை. எனக்கு அது கண்ணை உறுத்தும். அந்த வண்டி ஓடிய முதல் நாளில் ‘டி.என். 09’ என்ற ஒன்றே உலகத்தில் இல்லை.

அமெரிக்காவின் கலிஃபோர்னியா போன்ற மாநிலங்களில், வண்டி தயாரான ஆண்டின் பழைய பலகை ஒன்றை எங்கிருந்தாவது வாங்கிவந்து, அந்த எண்ணையே தன் வண்டிக்குப் பதிவு செய்துகொள்ள முடியும். இந்தியாவில் அந்த வழி கிடையாது. எந்த வட்டாரப் போக்குவரத்து அலுவலகமும் இன்று புதிதாக அந்தக் காலத்து ‘எம்.எஸ்.’ நம்பரையோ ‘எம்.டி.’ நம்பரையோ ஒதுக்கித் தராது. வண்டியோடு பிறந்த நம்பர் இன்னும் உயிரோடு இருந்தால் அதைத் தக்கவைத்துக்கொள்ளலாம், அவ்வளவுதான். ஆகவே இந்த வேலையில் பலகை கடைசி. முதலில் நம்பரைக் காப்பாற்ற வேண்டும். பெயின்ட்டரிடம் முதலில் போய்விட்டு ஆர்.டி.ஓ. ஆபீசுக்கு அப்புறம் போகிறவர்கள்தான் பெரும்பாலும் ஏமாந்து நிற்கிறார்கள்.

நம்பரைப் படியுங்கள்

இப்போது நாம் பார்க்கும் ‘டி.என். 45, டி.என். 58’ வகை எண்கள் 1988-ஆம் ஆண்டின் மோட்டார் வாகனச் சட்டத்தோடு வந்தவை. அந்தச் சட்டம் 1989 ஜூலை 1 அன்று நடைமுறைக்கு வந்தது. அதற்கு முன் 1939-ஆம் ஆண்டுச் சட்டம். அப்போது மூன்று எழுத்து, பிறகு நான்கு இலக்கம் வரை ஓர் எண். சென்னை மாகாண, சென்னை மாநில நாட்களில் எம்.டி., எம்.எஸ். என்று தொடங்கும் வரிசைகள். பிற்காலத்தில் ‘டி’யில் தொடங்கும் வரிசைகள். மாநிலத்தின் பெயர் தமிழ்நாடு என்று மாறியது 1969 ஜனவரி 14-இல். வண்டி 1958 மாடல் என்று சொல்லிக்கொண்டு நம்பர் ‘டி’யில் தொடங்கினால், அது இடையில் எங்கோ மறுபதிவு ஆகியிருக்கிறதா என்று கேட்க வேண்டும்.

பழைய எண்களில் முன்னால் பூஜ்யம் போடும் வழக்கம் இல்லை. 47 என்றால் 47தான், 0047 அல்ல. பலகை எழுதும்போது இது நினைவில் இருக்கட்டும். ஆனால் இன்றைய கணினிப் பதிவில் அது நான்கு இலக்கமாக ஏற்றப்பட்டிருக்கலாம் என்பதால், அரசின் வாகனப் பதிவுத் தளமான ‘வாகன்’-இல் தேடும்போது இரண்டு விதமாகவும் தட்டிப் பாருங்கள்.

இன்னொன்று. எம்.டி. நம்பர் என்றால் அது இன்றைய தமிழ்நாட்டில்தான் பதிவாகியிருக்கும் என்று நினைத்துவிடாதீர்கள். 1953 அக்டோபர் 1 வரை ஆந்திரப் பகுதியும், 1956 நவம்பர் 1 வரை மலபாரும் தென் கன்னடமும் சென்னையோடு இருந்தவை. 1951-இல் கோழிக்கோட்டில் பதிவான ஒரு பி.எஸ்.ஏ. வண்டிக்கும் சென்னை மாகாண நம்பர்தான் இருக்கும். அதன் பதிவேட்டைச் சென்னையில் தேடிப் பயனில்லை.

வண்டியும் புத்தகமும் ஒன்றுதானா

வாங்குவதற்கு முன் செய்ய வேண்டிய வேலை இது. ஏற்கெனவே வாங்கிவிட்டால், ஒரு ரூபாயாவது செலவு செய்வதற்கு முன்.

ஆர்.சி. புத்தகத்தில் இருக்கும் சேஸிஸ் நம்பரையும் என்ஜின் நம்பரையும் வண்டியில் அடித்திருக்கும் எண்களோடு ஒப்பிடுங்கள். சேஸிஸ் நம்பர் பெரும்பாலும் ஹேண்டில் பாரைத் தாங்கும் ஸ்டீயரிங் ஹெட் பக்கத்தில் இருக்கும். என்ஜின் நம்பர் சிலிண்டருக்குக் கீழே கிராங்க் கேஸில். ஐம்பது ஆண்டுப் பெயின்ட்டும் துருவும் ஏறியிருக்கும். உப்புத்தாள் போட்டுத் தேய்க்கவே கூடாது. பெயின்ட் ரிமூவர் தடவி, நாள் கணக்கில் பொறுத்து, துணியால் துடைத்து எடுங்கள். எழுத்துகள் தெரிந்ததும் பென்சில் பிரிண்ட் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்: மெல்லிய தாளை மேலே வைத்துப் பென்சிலை சாய்த்துத் தேய்த்தால் எண் பதிந்துவிடும். ஆபீசிலும் இதைத்தான் கேட்பார்கள்.

என்ன பார்க்க வேண்டும்? எண்களைச் சுற்றியுள்ள இரும்பு மற்ற இடத்தைவிடத் தாழ்ந்திருக்கிறதா, கிரைண்டர் ஓடிய கோடு தெரிகிறதா, இலக்கங்கள் ஒரே உயரத்தில், ஒரே எழுத்து வடிவில் இருக்கின்றனவா. காயலாங்கடைக்குப் போய்விட்ட வண்டியின் புத்தகத்தை மட்டும் தனியே விற்பவர்கள் இருக்கிறார்கள். அந்தப் புத்தகத்தின் எண்ணை வேறொரு வண்டியின் ஃப்ரேமில் அடித்து ‘ஒரிஜினல் மெட்ராஸ் நம்பர்’ என்று கைமாற்றுகிறார்கள். அது மோசடி. தெரிந்து வாங்கினால் நீங்களும் அதில் பங்காளி. விலை எவ்வளவு குறைவாக இருந்தாலும் அந்த வண்டியை விட்டுவிட்டு வந்துவிடுங்கள். திருட்டு வண்டியா என்று பார்க்க தேசியக் குற்ற ஆவணக் காப்பகத்தின் ‘வாகன் சமன்வய்’ சேவை இருக்கிறது.

என்ஜின் மட்டும் மாறியிருந்தால் உடனே நம்பிக்கை இழக்க வேண்டாம். இரண்டாம் உலகப் போருக்குப் பிறகு ராணுவத்தில் இருந்து ஏலத்துக்கு வந்த பி.எஸ்.ஏ. எம் 20, நார்ட்டன் 16 எச் போன்றவற்றில் என்ஜினும் ஃப்ரேமும் பட்டறைகளிலேயே கலந்துபோனவை ஏராளம். தொழிற்சாலைக் கணக்கோடு பொருந்துகிறதா என்பது சேகரிப்பாளர்களின் கவலை. ஆபீசுக்கு வேண்டியது, புத்தகத்தில் என்ன எழுதியிருக்கிறதோ அதுவே வண்டியில் இருக்க வேண்டும் என்பது. பிற்காலத்தில் என்ஜின் மாற்றியிருந்தால் அந்த மாற்றம் ஆர்.சி.யில் குறிக்கப்பட்டிருக்கிறதா என்று பாருங்கள்.

பதிவேட்டில் வண்டி உயிரோடு இருக்கிறதா

ஆர்.சி. புத்தகம் கையில் இருப்பது மட்டும் போதாது. அந்தப் பதிவு ஆபீசின் கணக்கிலும் இருக்க வேண்டும். ‘பரிவாகன்’ தளத்தில் நம்பரைத் தட்டினால் பெரும்பாலும் ஒன்றும் வராது. பழைய வண்டிகளின் விவரங்கள் தடித்த கணக்குப் புத்தகங்களில் இருந்து முழுவதும் கணினிக்கு ஏறவில்லை. புத்தகத்தில் இருப்பதைக் கணினியில் ஏற்றுவதை ஆபீசில் ‘பேக்லாக் என்ட்ரி’ என்பார்கள். அதைக் கேட்டுத்தான் தொடங்க வேண்டும்.

எந்த ஆபீஸ் என்பது அடுத்த சிக்கல். மாவட்டங்கள் பிரிந்துகொண்டே வந்திருக்கின்றன. தர்மபுரி சேலத்தில் இருந்து பிரிந்தது 1965-இல். புதுக்கோட்டை 1974-இல் தனியானது. ஈரோடு 1979 வரை கோவை மாவட்டம். திண்டுக்கல் 1985 வரை மதுரை மாவட்டம். வண்டி எந்த ஊரில் ஓடியதோ அந்த ஊரின் இன்றைய ஆபீசில் பதிவேடு இல்லையென்றால், அன்றைய தாய் மாவட்டத்தின் ஆபீசில் கேளுங்கள். ஆர்.சி. புத்தகத்தின் முதல் பக்க முத்திரையும், பின் பக்கங்களில் வரி கட்டிய முத்திரைகளும் வண்டி எந்தெந்த ஊர் போனது என்று சொல்லிவிடும். அந்தப் பக்கங்களை நிதானமாகப் படியுங்கள். எனக்கு இந்த வேலையிலேயே மிகவும் பிடித்த பகுதி அதுதான். ஒரு வண்டியின் வாழ்க்கை முழுவதும் ஊதா மை முத்திரைகளாக அதில் கிடக்கும்.

வாய்மொழியாகக் கேட்டுப் பதில் வராவிட்டால், பதிவு விவரம் கேட்டு எழுத்தில் விண்ணப்பம் கொடுத்து ஒப்புகை வாங்குங்கள். அதற்கும் அசைவில்லையென்றால் தகவல் அறியும் உரிமைச் சட்டம் இருக்கிறது. கட்டணம் 10 ரூபாய், பதிலுக்குக் கெடு 30 நாள். நம்பர், சேஸிஸ் நம்பர், என்ஜின் நம்பர், கடைசியாகப் பதிவான உரிமையாளர் பெயர், பதிவு ரத்தாகியிருக்கிறதா என்ற இவ்வளவை மட்டும் தெளிவாகக் கேளுங்கள். நீளமாகக் கதை எழுத வேண்டாம்.

ஆர்.சி. தொலைந்திருந்தால் போலீசில் புகார் கொடுத்து, படிவம் 26-இல் நகல் கேட்க வேண்டும். பதிவேட்டில் பெயர் இருப்பவர்தான் கேட்க முடியும். அதனால் இந்த வேலையை விற்பவர் பெயரில் இருக்கும்போதே முடிக்கச் சொல்லுங்கள்.

பெயரை மாற்றுங்கள், மாநிலத்தை மாற்றாதீர்கள்

உயிரோடு இருப்பவரிடம் வாங்கினால் படிவம் 29, படிவம் 30. உரிமையாளர் இறந்துபோயிருந்தால் படிவம் 31, கூடவே இறப்புச் சான்றிதழ், தாசில்தார் தரும் வாரிசுச் சான்றிதழ், மற்ற வாரிசுகளின் சம்மதக் கடிதம். தாத்தா காலத்து வண்டிகளில் இந்த இடத்தில்தான் எல்லாம் நின்றுபோகும். மூன்று தலைமுறையாக யாரும் பெயர் மாற்றியிருக்க மாட்டார்கள். வாரிசுகள் பல ஊர்களில் இருப்பார்கள். குடும்ப விசேஷத்துக்கு எல்லோரும் கூடும் நாளில் கையெழுத்தை வாங்கிவிடுவதுதான் நான் கண்ட சுலபமான வழி.

ஒரே மாநிலத்துக்குள் பெயரும் முகவரியும் மாறினால் நம்பர் மாறாது. மாநிலம் விட்டு மாநிலம் போய் 12 மாதத்துக்கு மேல் வைத்திருந்தால், சட்டத்தின் 47-ஆவது பிரிவின்படி புது மாநிலத்தின் நம்பர் வாங்க வேண்டும். அதற்குப் பழைய ஆபீசில் என்.ஓ.சி. (ஆட்சேபணை இல்லை என்ற சான்று) வாங்க வேண்டும். புது நம்பர் கிடைக்கும் நாளில் பழைய நம்பர் போய்விடும். எங்கள் பெரியப்பாவின் ஜாவா அப்படித்தான் தன் நம்பரை இழந்தது. மைசூரில் ஐடியல் ஜாவா தொழிற்சாலை 1961-இல் உற்பத்தி தொடங்கிய சில ஆண்டுகளிலேயே வாங்கிய வண்டி. வேலை மாற்றத்தில் வெளிமாநிலம் கொண்டுபோனார்; யாரோ சொன்னார்கள் என்று என்.ஓ.சி. வாங்கி, ஒழுங்காகப் புது நம்பரும் வாங்கிவிட்டார். சட்டப்படி எல்லாம் சரி. ஆனால் முப்பது வருடம் எங்கள் தெருவே மனப்பாடமாகச் சொன்ன நம்பர் இல்லாமல் போனது. பிறகு வண்டி ஊர் திரும்பியபோது அதைத் திரும்பக் கேட்க எங்களுக்கு ஒரு வழியும் கிடைக்கவில்லை. அதனால் சொல்கிறேன்: பழைய நம்பர்தான் உங்களுக்கு முக்கியம் என்றால், நீங்கள் குடியிருக்கும் மாநிலத்தின் நம்பர் உள்ள வண்டியாகப் பார்த்து வாங்குங்கள்.

இரண்டு பாதைகள்

காகிதம் சரியானதும் நீங்கள் முடிவு செய்ய வேண்டியது ஒன்று உண்டு. சாதாரண வண்டியாகவே பதிவைப் புதுப்பிப்பதா, ‘விண்டேஜ் மோட்டார் வாகனம்’ என்று தனிப் பதிவு பெறுவதா?

சாதாரணப் புதுப்பிப்பு படிவம் 25-இல், ஐந்து ஆண்டுக்கு ஒருமுறை. வண்டியைக் கொண்டுபோய்க் காட்டி எஃப்.சி. (தகுதிச் சான்று) வாங்க வேண்டும், பசுமை வரி கட்ட வேண்டும், தாமதமான மாதங்களுக்குக் கூடுதல் கட்டணமும் சேரும். 2025 ஆகஸ்டில் மத்திய அரசு கட்டணத்தை உயர்த்தியது: 20 ஆண்டு தாண்டிய மோட்டார்சைக்கிளுக்கு 2,000 ரூபாய், இறக்குமதி வண்டி என்றால் 20,000 ரூபாய். இந்தப் பாதையில் பழைய நம்பர் அப்படியே இருக்கும். வண்டியை எந்த நாளும் எந்தத் தெருவிலும் ஓட்டலாம்.

விண்டேஜ் பதிவுக்கான விதிகள் 2021 ஜூலையில் மத்திய மோட்டார் வாகன விதிகளில் சேர்க்கப்பட்டன. முதல் பதிவு நாளில் இருந்து 50 ஆண்டு தாண்டிய, சொந்த உபயோகத்துக்கான இரு சக்கர, நான்கு சக்கர வாகனங்களுக்கு இது பொருந்தும். கணக்கு முதல் பதிவில் இருந்து என்பதைக் கவனியுங்கள்: 1973-இல் செய்து 1977-இல் பதிவான யெஸ்டி மோட்டார்சைக்கிள், 2027-இல்தான் ஐம்பதைத் தொடும். வண்டி தன் மூல வடிவத்தில் இருக்க வேண்டும். ஃப்ரேம், என்ஜின் இவற்றில் பெரிய மாறுதல் செய்திருக்கக் கூடாது. புதுப் பதிவுக்குக் கட்டணம் 20,000 ரூபாய், பிறகு மறுபதிவுக்கு 5,000 ரூபாய். முன்பே இந்தியாவில் பதிவான வண்டி தன் பழைய நம்பரையே வைத்துக்கொள்ளலாம் என்று விதியே சொல்கிறது. நம்பர் இல்லாதவற்றுக்குத் தனி வரிசை: முதலில் மாநிலத்தின் இரண்டெழுத்து, அடுத்து விண்டேஜைக் குறிக்கும் ‘வி.ஏ.’, அடுத்து இரண்டெழுத்து வரிசை, கடைசியில் 0001 முதல் 9999 வரை ஓர் எண்.

ஆனால் விண்டேஜ் பதிவு பெற்ற வண்டியை அன்றாடப் போக்குவரத்துக்கோ வாடகைக்கோ ஓட்டக் கூடாது. கண்காட்சி, பழைய வண்டி அணிவகுப்பு, பெட்ரோல் போடுவது, பழுது பார்ப்பது போன்றவற்றுக்குத்தான் சாலையில் இறக்கலாம்.

என் கருத்து இது: காகிதம் முழுமையாக இருந்து, ஞாயிற்றுக்கிழமை காலையில் மனம் போன போக்கில் ஓட்ட ஆசைப்படுகிறவர்கள் சாதாரணப் புதுப்பிப்பிலேயே இருங்கள். பழைய நம்பர் அதிலும் போகாது. விண்டேஜ் பதிவு உண்மையில் உதவுவது இறக்குமதியாகி வந்த வண்டிகளுக்கும், ஓட்டத்தைவிடக் காப்பதே முக்கியம் என்று நினைக்கும் வண்டிகளுக்கும்.

விண்டேஜ் விண்ணப்பம்

படிவம் 20-இல் விண்ணப்பம். கூட வைக்க வேண்டியவை: காப்பீட்டுப் பத்திரம், கட்டணம், இந்தியாவில் பதிவான வண்டியென்றால் பழைய ஆர்.சி., இறக்குமதி என்றால் சுங்கத்தின் ‘பில் ஆஃப் என்ட்ரி’. எல்லாம் சரியாக இருந்தால் 60 நாளுக்குள் படிவம் 23-ஏ வடிவில் பதிவுச் சான்று தர வேண்டும்.

மூன்றாம் நபர் காப்பீடு போதும் என்றாலும் அதை எடுப்பதே சில நேரம் கஷ்டம். கணினியில் அந்த மாடலின் பெயரே இருக்காது. இணையத்தில் முட்டிக்கொள்ளாமல் பொதுத்துறைக் காப்பீட்டு நிறுவனத்தின் கிளைக்கு நேரில் போய்க் கேளுங்கள். பத்திரத்தில் நம்பர், சேஸிஸ், என்ஜின் மூன்றும் ஆர்.சி.யில் இருப்பதுபோல எழுத்துக்கு எழுத்து இருக்கட்டும். ஓர் இலக்கம் பிசகினாலும் விண்ணப்பம் திரும்பி வரும்.

பழைய நம்பரைத் தக்கவைக்க விரும்புவதை விண்ணப்பத்தோடு தனிக் கடிதமாக எழுதி இணையுங்கள். 2021-ஆம் ஆண்டு விதி அதை அனுமதிக்கிறது என்று ஒரு வரி சேர்த்து, விதியின் நகலையும் பின்னால் வையுங்கள். கீழ்நிலை எழுத்தருக்கு இது தினமும் வரும் வேலை அல்ல. கோபப்படாமல் காகிதத்தைக் காட்டினால் படித்துப் பார்த்துச் செய்து தருகிறார்கள்.

பிரேக் இன்ஸ்பெக்டர் பார்க்கும் நாள்

வண்டியைக் கழுவிக் கொண்டுபோங்கள். சேஸிஸ் நம்பர் இருக்கும் இடத்தில் பெயின்ட்டோ கிரீஸோ இல்லாமல், கையில் ஒரு டார்ச்சோடு போங்கள். விளக்கு, ஹாரன், இரண்டு பிரேக், ஸ்டாப் லைட் வேலை செய்ய வேண்டும். பழைய படங்கள் இருந்தால் எடுத்துச் செல்லுங்கள்: பெரியவர் வேட்டி கட்டிக்கொண்டு அதே வண்டியில் உட்கார்ந்திருக்கும் கறுப்பு வெள்ளைப் படம், வண்டி மூல வடிவில் இருக்கிறது என்பதற்கு ஆயிரம் வார்த்தைக்குச் சமம். பிற்காலத்தில் மாட்டிய அலாய் வீலையும் அகல ஹேண்டில் பாரையும் முந்தைய வாரமே கழற்றிவிடுங்கள்.

இனி, பலகை

அந்தக் காலத்தில் சொந்த வண்டிகளுக்குக் கறுப்புப் பலகையில் வெள்ளை எழுத்து. 2000-களின் தொடக்கத்தில்தான் அது வெள்ளையில் கறுப்பு என்று தலைகீழானது. முன் பலகை, மட்கார்டின் மேல் வளைவோடு வளைந்து, சக்கரத்தின் போக்கிலேயே கத்திபோல நிற்கும். இரண்டு பக்கமும் நம்பர் எழுதியிருக்கும். பின்னால் டெயில் லைட்டோடு சேர்ந்த இரும்புத் தகடு.

இன்றைய விதி வேறு. சொந்த வண்டிக்கு வெள்ளைப் பின்னணியில் கறுப்பு. எழுத்து ஆங்கிலத்தில், எண் வழக்கமான 1, 2, 3. முன் நம்பர் ஹேண்டில் பாருக்கு இணையாக இருக்க வேண்டும், வண்டியின் நீளவாக்கில் அல்ல. 51-ஆவது விதி அளவையும் சொல்கிறது: பின்னால் எழுத்து 35 மி.மீ. உயரம், எண் 40 மி.மீ. உயரம், இரண்டும் 7 மி.மீ. தடிமன், 5 மி.மீ. இடைவெளி. முன்னால் இரண்டும் 30 மி.மீ. உயரம், 5 மி.மீ. தடிமன், 5 மி.மீ. இடைவெளி. 2019 ஏப்ரல் 1 முதல் புது வண்டிகளுக்கு உயர் பாதுகாப்புப் பலகை கட்டாயம். உங்கள் பதிவுக்கு அது வேண்டுமா என்பதைச் சான்று வாங்கும்போதே கேட்டுவிடுங்கள்.

பழைய நம்பர் சட்டப்படி உங்களுடையது. ஆனால் பழைய நிறப் பலகையோடு சாலையில் போவது அபராதத்துக்கு இடம் தரும். ஆகவே இரண்டு ஜோடி செய்யுங்கள். சாலைக்கு விதிப்படி வெள்ளையில் கறுப்பு. கண்காட்சியில் நிறுத்தி வைக்கும்போது மாட்டக் காலத்துக்கு ஏற்ற கறுப்பு. இரண்டுக்கும் ஒரே திருகு ஓட்டைகள் வைத்துவிட்டால் மாற்ற ஐந்து நிமிடம் போதும்.

கறுப்பு ஜோடியில்தான் மனதைச் செலவிட வேண்டும். வண்டியின் பழைய படம் ஒன்றைப் பெரிதாக்கி, எழுத்தின் உயரத்துக்கும் மட்கார்டின் அகலத்துக்கும் உள்ள விகிதத்தை அளந்துகொள்ளுங்கள். மூலத் தகடு துருப்பிடித்திருந்தாலும் தூக்கிப் போடாதீர்கள். பழைய பெயின்ட்டைப் பொறுமையாக எடுத்தால் அடியில் முதல் பெயின்ட்டரின் கோடுகள் தெரியலாம். புதிதாகச் செய்வதென்றால் இரும்புத் தகடுதான். அலுமினியமும் அக்ரிலிக்கும் அந்தக் காலத்தின் முகத்தைத் தருவதில்லை. முன் பலகைக்கு உரிய வளைவும் குரோம் விளிம்பும் சென்னையில் புதுப்பேட்டைப் பக்கம் தேடினால் சில நேரம் கிடைக்கும்.

ரெட் ஆக்சைடு பிரைமர் அடித்து, காய்ந்ததும் நைசான உப்புத்தாள் போட்டு, கறுப்பு எனாமல் இரண்டு கை. இரண்டு நாள் நிழலில் ஆறட்டும். எழுத்தை ஸ்டிக்கர் வெட்டும் கடையில் கொடுக்காதீர்கள். கையால் போர்டு எழுதும் பெயின்ட்டர்கள் இன்னும் எல்லா ஊரிலும் ஒருவராவது இருக்கிறார்கள். கோவில் போர்டோ லாரிப் பின்பலகையோ யார் எழுதியது என்று விசாரித்தால் பிடித்துவிடலாம். படத்தைக் காட்டி, தட்டைத் தூரிகையில் வெள்ளை எனாமலால் எழுதச் சொல்லுங்கள். நிழல் எழுத்து, ஓரக்கோடு, அலங்காரம் எதுவும் வேண்டாம். எழுத்துக்கும் எண்ணுக்கும் நடுவே படத்தில் எவ்வளவு இடம் இருக்கிறதோ அவ்வளவுதான். முன் பலகையில் இரு பக்கமும் ஒரே நாளில் எழுத முடியாது. ஒரு பக்கம் காய்ந்த பிறகே அடுத்தது. அவசரப்படுத்தாமல் அவருக்கு ஒரு வாரம் கொடுங்கள்.